மூன்றாம் குழுவில் இருவர்

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே, பூக்கடைகளைத் தாண்டி நான்காவது கடை குற்றாலலிங்கத்தினுடையது. பிள்ளையாருக்கு உடைக்கிற விடலைத் தேங்காய்தான் வியாபாரம். பூதப்பாண்டிப் பக்கமிருந்து லோடு வரும். கடைக்குப் பின்னால் திரவியம் தரையில் நட்ட இரும்புப் பாரையில் காயைக் குத்தி, மூன்று திருப்பில் மட்டையை உரித்து எறிவார். முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு காய்களை ஒன்றோடொன்று தட்டி, சத்தத்தைக் கேட்டு, நல்லதையும் சொத்தையையும் பிரிப்பது லிங்கத்தின் வேலை. நாற்பது வயதுவரை அவரே சாக்கு சுமந்தவர்தான். ஐம்பத்திரண்டில் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதே குறைந்துவிட்டது. வயிறு முன்னால் வந்திருந்தது. மூன்று வருஷமாகக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று சர்க்கரைக்கு மாத்திரை.

வீடு கரமனையில். மனைவி திவ்யலட்சுமி சுசீந்திரத்துக்காரி. சாலைக் கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீசில் கிளார்க். ஒரே மகள் சுப்ரியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு திவ்யலட்சுமிக்கு மார்பில் கட்டி கண்டது. ஆபரேஷன், எட்டுக் கீமோ, பிறகு கதிர்வீச்சு. அந்த நாட்களில் லிங்கம் கடையைத் திரவியத்திடம் விட்டுவிட்டு விடியுமுன் ஆஸ்பத்திரி வரிசையில் போய் நிற்பார். வெந்நீர்கூட வைக்கத் தெரியாதவர், மாமியாரிடம் போனில் கேட்டுக் கேட்டு உளுந்தங்கஞ்சி காய்ச்சினார். முதல் நாள் அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் பக்குவம் கைக்கு வந்துவிட்டது. வாயெல்லாம் புண்ணாகி அவள் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் கிடந்தபோது, கஞ்சியை ஆற்றி, வடிகட்டி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தார்.

அவள் தேறினாள். முடி வளர்ந்தது. ஆபீசுக்குப் போக ஆரம்பித்தாள். லிங்கத்துக்குத்தான் அந்த நாட்களிலிருந்து வெளியே வரத் தெரியவில்லை. அவள் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே வருவார். குளிக்கப் போய் இரண்டு நிமிஷம் கூடினால் கதவைத் தட்டுவார். தும்மினால் எழுந்து நிற்பார்.

உடம்பு அசைய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் கவடியார் ரோட்டில் சைக்கிள் விடுகிற குழுவுக்குத் திவ்யலட்சுமியைக் கூட்டிக்கொண்டு போனாள். சுசீந்திரத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன கால்கள். முப்பது வருஷம் கழித்தும் முதல் நாளே விழாமல் ஓட்டினாள். வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "காத்து மூஞ்சில அடிச்சிது, கேட்டியளா. பிள்ளையாட்டு இருந்துது எனக்கு."

அந்தக் குழுவை நடத்தியவர் சத்தியதாஸ். பாறசாலைக்காரர். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் எந்திரம் ஓட்டுகிற வேலை. போன வருஷம் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பொன்முடி மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். முடிந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். முடியாதவர்கள் ஏழாம் வளைவிலும் பத்தாம் வளைவிலும் தொடை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர் சைக்கிளையே விற்றுவிட்டார். அது சத்தியதாசுக்கு மனதில் கிடந்தது. இந்த வருஷம் டிசம்பரில் மறுபடி பொன்முடி என்று முடிவானதும், பதினான்கு பேருடைய போனுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள், இதுவரை ஏறியதில் பெரிய ஏற்றம் எது, நோய், சூக்கேடு என்ன உண்டு, என்ன மாத்திரை தின்கிறீர்கள்.

திவ்யலட்சுமி சமையலறையில் நின்று அதை நிரப்பினாள். அடுப்பில் தீயல் குழம்புக்குத் தேங்காய் வறுபட்டுக்கொண்டிருந்தது. சூக்கேடு என்ற இடத்தில் விரல் நின்றது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு இன்னும் அவளுக்கு வந்தது இன்னதென்று தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி வைத்திருந்தாள். இப்போது எல்லாவற்றையும் எழுதினாள். கட்டி, கீமோ, தினமும் தின்கிற ஒரு மாத்திரை, இடது கையில் சில நாள் வருகிற வீக்கம். அனுப்பிவிட்டு அடுப்பை அணைத்தாள். ஒரு பாரம் குறைந்தது போல இருந்தது.

சாப்பிடும்போது லிங்கத்திடம் சொன்னாள்.

"பொன்முடியா? சைக்கிள்லயா?" அவர் கை சோற்றிலேயே நின்றது. "இருபத்திரண்டு வளைவு. பஸ்ஸே மூச்சு வாங்கிட்டுத்தான் ஏறும். ஒனக்கு என்னத்துக்கு இந்த வேல?"

"ஏறணும்னு இருக்கு."

"அங்க ஏறி யாருக்குக் காட்டப் போற?"

"யாருக்கும் காட்டாண்டாம். எனக்கு ஏறணும். அவ்வளவுதான்."

"பாதில மேலுக்கு முடியாம விழுந்தா? அங்க போன்கூட எடுக்காது. சொன்னா கேளு திவ்யா. கவடியார்ல ஓட்டு, வெள்ளயம்பலம் வரைக்கும் ஓட்டு. நான் எதாவது சொன்னேனா? மலை வேண்டாம்."

அவள் சோற்றைப் பிசைந்தாள். பிறகு தலை நிமிராமல் சொன்னாள். "நீங்கோ என்னப் பாக்கும்போதெல்லாம் ஒரு சாவப்போற ஆளப் பாக்கது மாதிரிப் பாக்கியோ. தேறியே ஒரு வருஷமாச்சு. எனக்கு அந்தப் பார்வைதான் இப்பம் சூக்கேடு."

லிங்கம் பாதியில் எழுந்து கை கழுவினார். இரண்டு நாள் இருவரும் அவசியத்துக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்தது சைக்கிளில். சாலைக் கடைவீதியில் மிளகாய் மண்டி வைத்திருக்கிற சிநேகிதருடைய மகனின் கியர் சைக்கிள்.

"நானும் வாரேன்," என்றார் வாசலில் நின்று. வேர்த்துக் கொட்டியது. "படிவம் எனக்கும் வாங்கி அனுப்பியாச்சு."

"சர்க்கரை மாத்திரை எழுதினியளா?"

"எல்லாம் எழுதினேன். நீ காப்பியப் போடு."

அவர் எழுதியது இப்படி: வாரத்துக்கு நூறு கிலோமீட்டர். சூக்கேடு, ஒன்றுமில்லை. மாத்திரை, ஒன்றுமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவடியாரில் ஒரு சாயாக்கடை முன்னால் சத்தியதாஸ் எல்லோரையும் மூன்று குழுவாகப் பிரித்துப் படித்தார். முதல் குழு விடியுமுன் இங்கிருந்தே சைக்கிளில் கிளம்பும். இரண்டாம் குழு விதுரையிலிருந்து. மூன்றாம் குழுவின் சைக்கிள்கள் பிக்கப் வண்டியில் கல்லாறு செக்போஸ்ட் வரைக்கும் போகும். ஏற்றம் மட்டும் ஓட்ட வேண்டும். இரண்டு வளைவுக்கு ஒரு முறை கட்டாயம் இறங்கி நிற்க வேண்டும். கூடவே ஆர்யா வருவாள். ஆர்யா பிசியோதெரபி பார்க்கிற பெண். ஆஸ்பத்திரியில் தமிழ் நோயாளிகளோடு பழகி அரைத்தமிழ் பேசுவாள்.

முதல் குழுவிலிருந்து ஒருவர் முனகினார். "இரண்டு வளைவுக்கு ஒருக்கா நின்னா, நாங்க மேல எத்தன மணிக்கூறு அவங்களுக்காகக் காத்து நிக்கணும்?"

"நில்லு," என்றார் சத்தியதாஸ். "மேல சாயா கிட்டும், காத்து கிட்டும். மலைய நம்மால மாத்த ஒக்காது. யாத்திரைய மாத்தலாமில்லா? அதாக்கும் காரியம்." பிறகு திவ்யலட்சுமியிடம் திரும்பினார். படிவத்தில் அவள் எழுதியதைப் பற்றி எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அக்கா மூணாம் குழு. போதுமில்லா?"

"போதும். எனக்கு அதுதான் செரி."

"அண்ணாச்சி நூறு கிலோமீட்டர்காரர். ரெண்டாம் குழு."

லிங்கம் பதறினார். "இல்ல இல்ல. நான் இவகூடத்தான் வருவேன். நூறோ இருநூறோ, எனக்கு மூணாம் குழு போதும்."

சத்தியதாஸ் அவர் வயிற்றை ஒரு முறை பார்த்தார். "செரி. ஆனா அடுத்த ஞாயிறு எல்லாரும் ஒரு ஏத்தம் ஏறிக் காட்டணும், கேட்டோ. நான் கண்ணால பாக்கணும்."

அந்த அடுத்த ஞாயிறு, திவ்யலட்சுமி மட்டும்தான் ஏறிக் காட்டினாள். லிங்கம் கடைக்கு லோடு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். ஏற்றத்தில் ஆர்யா அவளுக்கு இணையாக ஓட்டிக்கொண்டே கேட்டாள். "சேச்சி, தீயல் எப்படி வைக்கணும்? பறஞ்ஞு தா."

"இப்பமா?"

"இப்பத்தான். முழுசாப் பேச முடியுதுன்னா இந்த வேகம் உடம்புக்குச் சரி. வார்த்தை துண்டு துண்டா வந்தா வேகத்தைக் குறைக்கணும். பேச்சே நின்னா, இறங்கணும். வேற மீட்டர் ஒண்ணும் வேண்டா."

திவ்யலட்சுமி தேங்காயைச் சிவக்க வறுப்பதிலிருந்து, உள்ளியை வதக்கி, புளியைக் கரைத்து, எண்ணெய் மிதந்து வருவது வரைக்கும் சொல்லி முடித்தபோது ஏற்றத்தின் உச்சிக்கு வந்திருந்தார்கள். இரண்டு இடத்தில் நின்றார்கள். ஒரு இடத்தில் புளியை விட்டுவிட்டாள். ஆர்யா வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் நன்றாகத் தூங்கினாள்.

பொன்முடி நாள் வந்தது. முந்தின வாரம் முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது. கல்லாற்றில் தண்ணீர் பாறைகளுக்கு மேலேயே ஓடியது. செக்போஸ்டில் சைக்கிள்களை இறக்கும்போது மணி ஏழு. மூன்றாம் குழுவில் ஆர்யாவோடு சேர்த்து ஐந்து பேர். பிக்கப்பை மலையில் முக்கால் தூரத்தில் நிறுத்திக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, சத்தியதாஸ் விதுரைக்காரர்களோடு ஏற ஆரம்பித்திருந்தார்.

திவ்யலட்சுமி வாழையிலையில் இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். இரண்டு தின்றாள். லிங்கம் வழக்கம்போல வீட்டிலேயே மாத்திரையை விழுங்கியிருந்தார். இட்லி வேண்டாம் என்றார். "வயிறு நெறைஞ்சா ஏறச் செரமம். மேல போய்த் திங்கேன்."

முதல் வளைவுகளில் வெயில் இல்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் ஈரக் காடு. ஈற்றை மூங்கில் சாய்ந்து ரோட்டைத் தொட்டது. எங்கேயோ கருங்குரங்கு ஒன்று தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது. ஓரத்து ஓடையெல்லாம் சத்தம். திவ்யலட்சுமி சின்ன கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு நாலடி முன்னால் மட்டும் பார்த்து, ஒரே சீராக மிதித்தாள். வளைவின் உள்பக்கம் செங்குத்தாக இருக்கும். வெளிப்பக்கமாகச் சுற்றி வா என்று ஆர்யா சொல்லியிருந்தாள். அப்படியே வந்தாள்.

லிங்கம் அவளுக்குப் பக்கத்திலேயே மிதித்தார். "மூச்சு வாங்குதா?"

"இல்ல."

அடுத்த வளைவில், "கை வீங்குதா?"

"இல்லங்கேன்."

"தலை சுத்துனா சொல்லணும்."

"சொல்லுகேன். நீங்கோ ரோட்டப் பாத்து ஓட்டுங்கோ."

நான்காம் வளைவில் நின்றார்கள். ஆறில் நின்றார்கள். எட்டில் ஆர்யா எல்லோருக்கும் ஆளுக்கொரு ஏத்தன்பழம் கொடுத்தாள். லிங்கம் பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் திவ்யலட்சுமியின் கையில் வைத்தார். "நீ தின்னு. ஒனக்குத்தான் வேணும்."

பத்தாம் வளைவைத் தாண்டியதும் காடு மெலிந்து தேயிலை தொடங்கியது. மூடுபனி கீழிருந்து மேலே வந்தது. திவ்யலட்சுமியும் ஆர்யாவும் சுசீந்திரம் தேரைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார்கள். சற்று தூரம் போன பிறகு ஆர்யா திரும்பிப் பார்த்தாள். "சேச்சி நல்லாப் பேசுறாங்க. சேட்டன்தான் மிண்டல."

"அவ்வோ அப்படித்தான். பேச்சுக் கொறவு," என்றாள் திவ்யலட்சுமி. அவளுக்கும் அது உறைக்கவில்லை.

பன்னிரண்டாம் வளைவில் கீழிருந்து கூப்பிட்டார்கள். கடைசியாக வந்த இருவரில் ஒருவருக்குச் சங்கிலி அறுந்துவிட்டது. "பதினாலில் நில்லுங்க, நான் இப்ப வாரேன்," என்று சொல்லிவிட்டு ஆர்யா கீழே இறங்கினாள்.

பதினான்காம் வளைவில் திவ்யலட்சுமி காலை ஊன்றி நின்று திரும்பினாள். லிங்கம் வந்துகொண்டிருந்தார். சைக்கிள் ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய் வந்தது. பனிக்குளிரில் அவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவளைத் தாண்டி இரண்டு முழம் போய்ச் சைக்கிளோடு சாய்ந்தார். நல்லவேளை, மலைப்பக்கம் சாய்ந்தார்.

அவள் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கை படபடவென்று ஆடியது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

"உடம்புக்கு என்ன செய்யி? இங்க பாருங்கோ. என்னப் பாருங்கோ."

"திரவியம்," என்றார் அவர். "அந்தச் சாக்க எறக்கு. அம்புட்டும் சொத்தை."

"ஐயோ, நான் திவ்யா. கடையில்ல இது."

"சொத்தை," என்றார் மறுபடி. நாக்கு குழறியது.

போனை எடுத்தாள். ஒரு கோடுகூட இல்லை. கூவிப் பார்த்தாள். பனிக்குள் சத்தம் போன இடம் தெரியவில்லை. பையில் தண்ணீர் இருந்தது, இட்லி இருந்தது. மாத்திரை தின்றுவிட்டு வெறும் வயிற்றோடு ஏறியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவள் புத்திக்கு எட்டியது. இனிப்பு வேண்டும். ஆர்யாவின் பையில் குளுக்கோஸ் உண்டு. ஆர்யா இரண்டு வளைவுக்குக் கீழே. இவரை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

ரோட்டுக்கு மேல் தேயிலைக்கு நடுவே தகரம் போட்ட லயம் ஒன்று தெரிந்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் வீடுகள், ஒரே வரிசையில். ஞாயிற்றுக்கிழமையானதால் ஒரு அம்மாள் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூவலைக் கேட்டு எழுந்து பார்த்தாள்.

"அக்கா, சீனி! கொஞ்சம் சீனி குடுங்கோ!"

அந்த அம்மாள் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போனாள். ஈரச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையில் சீனி டப்பாவும் மறு கையில் சாயா இருந்த போணியுமாகப் படிக்கட்டில் இறங்கி ஓடிவந்தாள்.

"சுகருக்கு மாத்திர திங்கறவரா?"

"ஆமா. ஒண்ணும் திங்காம ஏறிட்டாரு."

"எங்க வீட்டுக்காரரும் ரெண்டு தடவ இப்பிடித்தான் கொழுந்துக் கூடையோட விழுந்தாரு. பயப்படாதம்மா. முழுங்குறாரான்னு மட்டும் பாரு."

திவ்யலட்சுமி அவர் தலையை மடியில் தூக்கி வைத்து நிமிர்த்தினாள். "வாயத் தொறங்கோ." சீனியைக் கொஞ்சமாக நாக்கில் வைத்தாள். "முழுங்குங்கோ. முழுங்குங்கோ. ஆங்." போணியில் இருந்த பால் விடாத கட்டன் சாயாவில் அந்த அம்மாள் இன்னும் நாலு ஸ்பூன் சீனி போட்டுக் கலக்கினாள். திவ்யலட்சுமி அதை ஆற்றி ஆற்றி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். முதல் ஸ்பூன் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது இறங்கியது. மூன்றாவதுக்கு அவரே வாயைத் திறந்தார்.

பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ. கை ஆடுவது நின்றது. முகத்துக்கு ரத்தம் வந்தது. "திவ்யா," என்றார்.

"ஆமா. நாந்தான்."

"ஒனக்கு ஒண்ணும் இல்லியே?"

அதைக் கேட்டதும் அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

அறுந்த சங்கிலியைக் கோத்துக் கொடுத்து, அந்த இருவரையும் மெல்ல ஏறி வரச் சொல்லிவிட்டு ஆர்யா வந்து சேர்ந்தபோது லிங்கம் லயத்தின் வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார். ஆர்யா விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். ஏறிவிட்டது. நாடியைப் பிடித்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து, பேரும் கிழமையும் கேட்டாள். பிறகு போனில் படிவத்தைத் திறந்தாள்.

"சேட்டா, இதுல மாத்திரை ஒண்ணுமில்லன்னு இருக்கு."

லிங்கம் இட்லியைப் பார்த்தார்.

"எழுதினேன்னுல்லா சொன்னியோ?" என்றாள் திவ்யலட்சுமி. குரல் உயரவில்லை. "வாரம் நூறு கிலோமீட்டர்னு வேற இருக்கு. என் சூக்கேட நான் எழுதினேன். கூட வேல பாக்கவங்களுக்கே சொல்லாதது. எழுதும்போது விரல் நின்னு போச்சு எனக்கு. நீங்கோ ஒரு மாத்திரைய எழுத வெக்கப்பட்டியளா?"

"வெக்கம் இல்ல."

"பின்னே?"

"உள்ளத எழுதினா வரண்டாம்னு சொல்லிருவாருன்னு நெனச்சேன். நீ தனியா ஏறுவ. நான் கடைல உக்காந்து தேங்காயத் தட்டிட்டு இருக்கணும். அது என்னால ஒக்காது திவ்யா." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒன்னப் பாத்துக்கிடணும்னுதான் வந்தேன். கடைசில பாரு."

மேலே போன ஒரு பைக்காரரிடம் ஆர்யா சொல்லி அனுப்ப, சத்தியதாஸ் பிக்கப்பில் இறங்கி வந்தார். வந்தவர் திட்டவில்லை. லிங்கத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு எனக்கும் உண்டு அண்ணாச்சி. ஏறிக் காட்டாத ஆளக் கூட்டிட்டு வந்திருக்கப்பிடாது. போர்ட்டுல எழுத்துல உள்ள எடையப் பாத்து நான் ஒரு பெட்டியும் தூக்க மாட்டேன். மெஷின் என்ன காட்டுதோ அதாக்கும் கணக்கு. ஒங்க கிட்ட மட்டும் விட்டுப்போட்டேன்." கீழே கிடந்த லிங்கத்தின் தலைக்கவசத்தை எடுத்துத் திண்டில் வைத்தார். "நிங்க உள்ளத எழுதியிருந்தா வரண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். பிக்கப்புல ஏறுங்க, வளைவு வளைவா அக்காவுக்குத் தண்ணி குடுங்கன்னு சொல்லியிருப்பேன். அதுவும் யாத்திரதான்."

லிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி இன்னைக்கு ஒங்களுக்குச் சைக்கிள் இல்ல. அக்கா எப்படி?"

"நானும் நின்னுக்கிடுகேன்," என்றாள் திவ்யலட்சுமி.

"நீ போ," என்றார் லிங்கம்.

அவள் அவரைப் பார்த்தாள்.

"மெய்யாத்தான். எட்டு வளைவுதான் மிச்சம். ஒனக்கு முடியும். இவ்வளவு நேரம் பக்கத்துல ஓட்டிட்டு வந்தேன்லா, எனக்குத் தெரியும். நான் இங்கன இருக்கேன். நீ போயிட்டு வா."

துணியைப் பிழிந்துகொண்டிருந்த அம்மாளும் சொன்னாள். "போயிட்டு வாம்மா. நான் பாத்துக்கிடுதேன். இவரு எங்க ஓடிரப் போறாரு?"

திவ்யலட்சுமி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டாள். ஆர்யாவும் அவளும் பனிக்குள் ஏறிப் போனார்கள். சத்தியதாசும் பிக்கப்பைத் திருப்பிக்கொண்டு மேலே போனார். மலை மடிப்பில் ரோடு நாலு முறை திரும்பித் திரும்பி லயத்துக்கு மேலாகப் போகும். ஒவ்வொரு தடவையும் பனி விலகுகிற இடத்தில் அவளுடைய மஞ்சள் சட்டை தெரிந்தது. லிங்கம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாவது தடவை தெரியவில்லை. அவர் எழுந்திருக்கக் கையை ஊன்றினார். எழுந்து போக முடியாது. போய்த்தான் என்ன செய்ய? மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

லயத்து அம்மாள் மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையலோடு ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். "வெறும் சீனி நிக்காது. கிழங்கு தின்னுங்க."

தின்றார். காரத்தில் மூக்கு ஒழுகியது. இவ்வளவு ருசியாக ஒன்றைத் தின்று எத்தனையோ காலமாகிவிட்டது போல இருந்தது. அந்த அம்மாள் முறத்தில் அரிசியைக் கொட்டி உட்கார்ந்தாள். அவரும் ஒரு பக்கமிருந்து கல் பொறுக்கினார். அவளுடைய அப்பா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து கொழுந்து கிள்ள வந்த குடும்பம். புருஷன் போய் நாலு வருஷம். மகன் விழிஞ்ஞத்தில் வார்க்கம்பி கட்டுகிற வேலை. மாதம் ஒரு முறை வருவான். பஸ் மூன்றோ நாலோதான். மழை நாளில் அதுவும் கிடையாது.

"யாருக்காவது மேலுக்கு முடியாமப் போனா?"

"இப்பிடித்தான். யாராவது ஓடி வரணும்."

லிங்கம் கல் பொறுக்குவதை நிறுத்தினார். "இவ்வளவு நேரமா ஒங்க வீட்டுத் திண்டில உக்காந்து ஒங்க சோத்தத் திங்கேன். பேரக்கூடக் கேக்கல்ல பாருங்க."

"சிவகாமியம்மாள்."

"அம்மா, நீங்க இன்னைக்கு இல்லன்னா..."

"சீனி தானய்யா குடுத்தேன்," என்று அவள் முறத்தைப் புடைத்தாள். "ஒங்க வீட்டம்மா கூவினது மலைக்கே கேட்டுது. அது கூவாட்டா எனக்கு என்ன தெரியும்?"

அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். சிவகாமியம்மாள் கூச்சத்தோடு சிரித்து, அரிசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பன்னிரண்டரை மணிக்குப் பிக்கப் மலை மேலிருந்து இறங்கி வந்து லயத்துக்குக் கீழே நின்றது. ஈர ரோட்டில் இறக்கம் ஓட்ட வேண்டாம் என்று மூன்றாம் குழுவின் சைக்கிள்களைச் சத்தியதாஸ் வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார். திவ்யலட்சுமி குதித்து இறங்கிப் படிக்கட்டில் வந்தாள். முகமெல்லாம் சேற்றுப் புள்ளி. லிங்கத்துக்குக் கேள்விகள் வாய்வரைக்கும் வந்தன. அவளைக் கூர்ந்து பார்த்தார். கேட்கவில்லை.

"மேல என்ன இருந்துது?" என்றார்.

"பனி. ஒண்ணுமே தெரியல்ல."

"அய்யே. பின்னே?"

"இருபதாம் வளைவுல பேச்சு நின்னுச்சு. எறங்கித் தள்ளினேன். ஆர்யாவும் எறங்கித் தள்ளினா. கடைசி ரெண்டும் ஏறி ஓட்டினேன். முதல் குழுக்காரங்க எல்லாரும் சாயா வாங்கி வச்சிட்டு நின்னாங்க, ஆறிப் போச்சு. முனகினாருலா ஒருத்தரு, அவருதான் எனக்குக் கைதட்டினது." சொல்லிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவர் பக்கத்தில் திண்டில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு இப்பம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கேன்."

தட்டில் மிச்சமிருந்த கிழங்கை அவர் அவள் பக்கம் நகர்த்தினார்.

"திவ்யா. விழுந்தது, உளறினது ஒண்ணும் எனக்கு ஓர்ம இல்ல. முதல்ல ஓர்ம வாரது ஒன் முகம்தான். அப்படிப் பயந்து போய் இருந்த. ஐயோ, நான் சாகப் போறேனோன்னு அதப் பாத்துத்தான் எனக்குத் தோணிச்சு." அவர் அவள் பக்கம் திரும்பினார். "நானும் ஒன்ன அப்படித்தானே பாத்துட்டு இருந்திருப்பேன்? ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"கஷ்டமா இருந்திருக்கும்."

"இருந்துது." அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த மண்ணை அவள் விரலால் தட்டிவிட்டாள். "ஆனா கண்ணத் தொறந்தப்பல்லாம் ஆள் இருந்துதே. இன்னைக்கு ஸ்பூனப் பிடிக்கும்போதுதான் எனக்குத் தெரிஞ்சுது, அந்தப் பக்கத்துல இருக்கது எவ்வளவு பெரிய பாடுன்னு. நான் உங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல."

"என்னத்த?"

கீழே சத்தியதாஸ் ஹார்ன் அடித்தார். அவள் எழுந்து, அவருக்குக் கை கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, அவசரமில்லாமல் எழுந்தார்.

"உளுந்தங்கஞ்சி நல்லா இருந்துதுன்னு," என்றாள் திவ்யலட்சுமி.